பூவுல இருந்து தேன் வரத்து கொட்டுது, முதல் தேன் அறை 9 நாள்ல நெறஞ்சு போச்சு – அடுத்ததை மேல வெக்கறதா, கீழ வெக்கறதா?

புதுப்பெட்டி:

வணக்கம் எல்லாருக்கும். கொஞ்சம் அவசரம், அதனால நேரா விஷயத்துக்கு வரேன். இத்தாலியன் தேனீ, 10 ஃப்ரேம் லாங்ஸ்ட்ராத் பெட்டி, எனக்கு இது ரெண்டாவது வருஷம். மூணு பெட்டில ரெண்டு சுமாரா போகுது, மூணாவதுதான் என்னை தூங்க விடல. கீழ ஒரு புழு அறை (ராணி முட்டை வெக்கற பெட்டி), மேல ராணி தடுப்பு (வேலைக்கார தேனீ போகலாம், ராணி போக முடியாத சல்லடை), அதுக்கு மேல போன வருஷம் கட்டின அடையோட ஒரு தேன் அறை. தேன் அறையும் முழு உயரம்தான், எல்லா ஃப்ரேமும் ஒரே சைஸ். வெச்சு இன்னியோட 9 நாள்.

வரத்து ஆரம்பிச்சிடுச்சுன்னு தெரியும், இவ்ளோ வேகமா இருக்கும்னு எதிர்பாக்கல. இன்னிக்கு மூடிய தொறந்தா எட்டு ஃப்ரேம் பளபளன்னு நெறஞ்சு நிக்குது, ரெண்டுல மட்டும் மேல் ஓரத்துல மெழுகு மூடி போட ஆரம்பிச்சிருக்கு, மீதி எல்லாம் தண்ணி மாதிரி இருக்கு, ஃப்ரேம சாய்ச்சதும் என் ஷூ மேல சொட்டுச்சு. ஃப்ரேம் மேல் கட்டைங்க மேலயும் மூடிக்கு அடியிலயும் புதுசா வெள்ளை வெளேர்னு மெழுகு ஒட்டி வெச்சிருக்கு. சாயங்காலம் ஆனா வாசல்ல தாடி மாதிரி தொங்குது.

புழு அறையில நடுவுல இருந்து மூணு ஃப்ரேம் மட்டும் தூக்கி பாத்தேன். அதுல ஒண்ணோட கீழ் ஓரத்துல ரெண்டு ராணி கிண்ணம் (புது ராணிய வளக்கறதுக்கு கட்டற மெழுகு கிண்ணம்) இருந்துச்சு, உள்ள என்ன இருக்குன்னு பாக்கறதுக்குள்ள தேனீங்க மூடிக்கிச்சு, நானும் பயந்து மூடிட்டேன்.

கைவசம் இன்னொரு தேன் அறை இருக்கு, ஆனா அதுல 10 ஃப்ரேமும் வெறும் மெழுகு தாள்தான், இனிமேதான் தேனீ அது மேல அடை கட்டணும், கட்டின அடை இல்ல. இதை இருக்கற தேன் அறைக்கு மேல வெக்கணுமா, கீழ வெக்கணுமா? ராணி தடுப்ப எடுத்துடலாமா? அந்த கிண்ணங்கள நசுக்கிடணுமா? யாராச்சும் சொல்லுங்க.

மெழுகுவாசம்:

இன்னிக்கே வெச்சிடுங்க சகோ, நாளைக்குன்னு தள்ளாதீங்க. கட்டின அடையா இருந்தா மேலயோ கீழயோ எங்க வெச்சாலும் தேன் அளவுல பெரிய வித்தியாசம் வராது, நான் பல வருஷம் ரெண்டு விதமாவும் வெச்சு பாத்துட்டேன். மேல வெச்சா நமக்கு சுலபம், மூடிய லேசா தூக்கினாலே நெறஞ்சிருக்கா இல்லையான்னு தெரிஞ்சிடும், கனமான பெட்டிய இறக்கி ஏத்த வேண்டாம். முழு உயர தேன் அறை நெறஞ்சா தேன் மட்டுமே 25, 30 கிலோ வரும், முதுகு பத்திரம்.

ஆனா உங்களது வெறும் தாள், அங்கதான் கதை மாறுது. ராணி தடுப்புக்கு மேல வெறும் தாள் மட்டும் இருந்தா தேனீ ஏறவே யோசிக்கும், நெறஞ்ச அறையயும் தாண்டி உச்சியில வெச்சா இன்னும் மோசம். அதனால கீழ வைங்க, தடுப்புக்கு நேர் மேல. புழு அறை சூடு மேல ஏறி வரும், மெழுகு சுரக்கற வயசுல இருக்கற இளம் தேனீங்களும் அந்த பக்கம்தான் ஜாஸ்தி, மேல தேன் கொண்டு போறதும் இது வழியாத்தான் போகணும். கூடவே பழைய தேன் அறையில இருந்து பாதி நெறஞ்ச ரெண்டு ஃப்ரேம எடுத்து புது அறை நடுவுல போடுங்க, ஏணி மாதிரி வேலை செய்யும். அந்த ரெண்டு காலி இடத்துல தாள போடலாம், ஆனா மூடி போடாத அடைங்களுக்கு நடுவுல தாள் போட்டா பக்கத்து அடைய தடியா இழுத்து கட்டிட்டு தாள தொடாம விட்டுடும், அதனால அத ஓரமா தள்ளி வைங்க. தாள் இருக்கற வரைக்கும் 10 ஃப்ரேமும் நெருக்கமா இருக்கணும், இடைவெளி விட்டு 9 போடறதெல்லாம் கட்டி முடிச்ச அடைக்குத்தான்.

அடைகாரன்:

மெழுகுவாசம் சொன்னது சரிதான், ஆனா தம்பி, தேன் அறைய பாத்து பதறிட்டு புழு அறைய மூடிட்டீங்களே, எனக்கு கவலை அங்கதான். மேலயா கீழயாங்கறது ரெண்டாவது கேள்வி. ராணிக்கு இப்போ முட்டை வெக்க இடம் இருக்கா, அதுதான் முதல் கேள்வி.

கணக்கு போட்டு பாருங்க. பூவுல இருந்து வர்ற தேன்ல பாதிக்கு மேல தண்ணி, பல பூவுல 70 சதவீதம் கூட தண்ணிதான். மூடி போடறப்போ தண்ணி 18 சதவீதம் பக்கத்துல இருக்கணும். அப்போ ஒரு கிலோ விளைஞ்ச தேனுக்கு ரெண்டரை கிலோவுக்கு மேல உள்ள வந்தாகணும். அதையும் வந்த உடனே அடையில ஒரு அறைய (பெட்டிய இல்ல, அடையில இருக்கற சின்ன குழிய சொல்றேன்) ரொப்பிட்டு அடுத்ததுக்கு போகாது, கிடைக்கற எல்லா அறையிலயும் அடியில கொஞ்சம் கொஞ்சமா பூசற மாதிரி போட்டு வெக்கும், அப்போதான் ராத்திரி பூரா இறக்கைய விசிறி தண்ணிய வெளியேத்த முடியும். அதனால அதுங்களுக்கு இப்போ வேண்டியது தேன் வெக்க இடம்ங்கறதை விட தண்ணி காய வெக்க இடம். நீங்க இன்னும் ரெண்டு ஃப்ரேம்தானே மூடியிருக்குன்னு பாத்து, மீதி எட்டும் மூடட்டும் அப்புறம் வெக்கலாம்னு இருந்தா காரியம் கெட்டுடும். மூடி போடறது பழைய கணக்கு. இடத்தை இன்னிக்கு வர்ற வரத்துக்கு குடுக்கணும்.

மேல இடம் இல்லன்னா என்ன ஆகும்? வெளிய இருந்து வர்றது நிக்காது, கொண்டு வந்ததை எங்கயாவது வெச்சாகணும். புழு பொரிஞ்சு வெளிய வந்த அறை காலி ஆன உடனே, ராணி வந்து பாக்கறதுக்குள்ள அதுல தேனை ஊத்திடும். நல்ல ராணி நாளைக்கு 1500 முட்டை வெக்கும், முழு உயர ஃப்ரேம் ரெண்டு பக்கமும் சேத்தா 6500, 7000 அறை. ஆக நாலு அஞ்சு நாளைக்கு ஒரு முழு ஃப்ரேம் காலியா வேணும் அவளுக்கு. அது கிடைக்காம புழு வட்டம் நாலா பக்கமும் தேன் சூழ்ந்து சுருங்கிடுச்சுன்னா, ஊட்டறதுக்கு புழு இல்லாம செவிலி தேனீங்க வேலையில்லாம கூடி நிக்கும். கூட்டம் பிரியற ஏற்பாடு அங்க இருந்துதான் கிளம்புது. வாசல்ல தாடி தொங்கறத மட்டும் வெச்சு முடிவு பண்ணாதீங்க, வெயில் புழுக்கத்துக்கும் வெளிய வந்து தொங்கும்.

நாளைக்கு காலைல நல்லா வெயில் ஏறி பாதி தேனீ வெளிய போனப்புறம் புழு அறைய முழுசா பாருங்க. ஒவ்வொரு ஃப்ரேமயும் எடுத்து முதல்ல ராணி இருக்காளான்னு பாத்துட்டு, அவ இல்லாத ஃப்ரேம உள்ளுக்குள்ளயே ஒரு உலுக்கு உலுக்கி தேனீய இறக்கிட்டு பாக்கணும். அடை மேல தேனீ இருக்கறப்போ ராணி செல் (புது ராணி வளர்ற கூடு) கண்ணுக்கு தெரியாது, மூலையில ஒளிஞ்சிருக்கும். கிண்ணத்துக்குள்ள வெறும் மெழுகா, முட்டையா, இல்ல வெள்ளையா கஞ்சி மாதிரி பாலும் புழுவுமா? இந்த மூணுக்கும் வைத்தியம் வேற வேற. சும்மா கிண்ணம் கட்டி வெக்கறது நல்ல பெட்டிங்க எல்லாத்துலயும் இருக்கும், பயமே வேண்டாம். முட்டைன்னா இன்னும் திருப்ப முடியும். பாலோட புழுன்னா அப்போ இடம் குடுத்து மட்டும் அனேகமா நிக்காது. முட்டை வெச்ச எட்டாவது நாள் வாக்குல ராணி செல்லை மூடும், மூடற சமயத்துலயே வானம் தெளிஞ்சிருந்தா கிழ ராணியோட கிளம்பிடும்.

ராணி தடுப்ப எடுக்கறத பத்தி, வேண்டாம். இப்போ எடுத்தா தேன் அறை முழுக்க தேன்தான் இருக்கு, அவளுக்கு அங்க என்ன இடம்? கீழயே இடம் பண்ணி குடுங்க.

தேன்துளி:

அண்ணா சொன்னதோட ஒண்ணு சேத்துக்கறேன், இது நான் இழந்து கத்துக்கிட்டது, நீங்களும் இழக்க வேண்டாம்.

மூணு வருஷம் முன்னாடி இதே மாதிரி கொட்டற வரத்துல என் நல்ல பெட்டில ராணி செல் பாத்தேன். ஒண்ணொண்ணா நசுக்கினேன், மொத்தம் 7. தேன் அறை ஒண்ணு ஏத்தினேன், நிம்மதியா வந்துட்டேன். அஞ்சாவது நாள் மத்தியானம் வாசல்ல இருந்து தண்ணி பீச்சற மாதிரி தேனீ வெளிய வந்துச்சு, அந்த சத்தம் இன்னும் காதுல இருக்கு, பத்து நிமிஷத்துல மரத்து உச்சில கை எட்டாத இடத்துல போய் தொங்கி அன்னிக்கு சாயங்காலமே எங்கயோ போயிடுச்சு. திரும்ப வந்து பெட்டிய பாத்தா ஓரத்து ஃப்ரேம்ல, அடைக்கும் கட்டைக்கும் நடுவுல, நான் உலுக்காம பாத்த இடத்துல ஒரு செல் மூடி நின்னுச்சு. ஒண்ணே ஒண்ணு. அது போதும் அதுங்களுக்கு.

அதனால நசுக்கறத மட்டும் வைத்தியமா நெனக்காதீங்க. பிரியணும்னு மனசு வெச்சுட்டா திரும்ப கட்டும், நசுக்கறது ஒரு வாரம் தள்ளி போடறது அவ்வளவுதான். இன்னொரு ஆபத்தும் இருக்கு, ஏற்கனவே ராணி கிளம்பி போயிட்டா என்ன பண்ணுவீங்க? நீங்க பாக்கறப்போ கூட்டம் பாதியா குறைஞ்சிருக்கறது தெரியாம எல்லா செல்லையும் நசுக்கினீங்கன்னா பெட்டிய நீங்களே அனாதையாக்கிடுவீங்க. முதல்ல முட்டைய தேடுங்க. அறை அடியில நிமிந்து நிக்கற முட்டை இருந்தா ஒரு நாளுக்குள்ள வெச்சது, சாய்ஞ்சு படுத்திருந்தா மூணு நாளுக்குள்ள. முட்டைய பாத்தப்புறம்தான் செல் மேல கை வெக்கணும்.

பாலோட புழு இருந்தா என்ன பண்ணணும்னா, நாமளே பிரிச்சிடணும். கிழ ராணிய ரெண்டு மூணு புழு ஃப்ரேமோட, இன்னும் ரெண்டு ஃப்ரேம் இளம் தேனீய உலுக்கி போட்டு, தனி பெட்டிக்கு மாத்திடுங்க. அந்த ராணி போற ஃப்ரேம்ல ராணி செல் எதுவும் இருக்க கூடாது. தாய் பெட்டில நல்லா பெருத்த ஒரு செல், மிஞ்சினா ரெண்டு விட்டா போதும், அந்த ஃப்ரேம மட்டும் உலுக்கவே கூடாது, உள்ள புழு பிசகிடும், பிரஷ்ஷால மெதுவா தள்ளுங்க. வெளிய போற தேனீ எல்லாம் பழைய இடத்துக்கே திரும்பி வரும், ஊட்டறதுக்கு புழுவும் குறைஞ்சிட்டே வரும், அதனால தேன் வரவு பெருசா அடிபடாது.

பெட்டி எண்ணிக்கை கூட வேண்டாம்னு நெனச்சா டெமாரி முறை இருக்கு, ஜார்ஜ் டெமாரிங்கறவர் 1892ல எழுதினது, இன்னிக்கும் வேலை செய்யுது. ராணிய ஒரே ஒரு புழு ஃப்ரேமோட கீழ் அறையில விட்டு மீதி எல்லாம் காலி அடை போடறது, மேல தடுப்பு, அதுக்கு மேல தேன் அறைங்க, எல்லாத்துக்கும் உச்சியில மிச்ச புழு ஃப்ரேமுங்க இருக்கற அறை. செவிலி தேனீ எல்லாம் புழுவ தேடி உச்சிக்கு ஏறிடும், ராணிக்கு கீழ காலி வீடு கிடைக்கும். இருக்கற செல்ல முதல்லயே எடுத்துடணும், அப்புறம் 7ல இருந்து 10 நாளுக்குள்ள உச்சி அறைய மறக்காம பாக்கணும், ராணி தூரமா போயிட்டான்னு நெனச்சு அங்க புது செல் கட்டும். இன்னொண்ணு, அந்த உச்சி அறையில பொரியற ஆண் தேனீ தடுப்ப தாண்ட முடியாது, வெளிய போக மூடிக்கு கீழ ஒரு சின்ன வழி விடுங்க, இல்லன்னா தடுப்புல மாட்டி செத்து கிடக்கும், பாக்கவே பாவமா இருக்கும்.

இதெல்லாம் பாலோட புழு இருந்தாத்தான். நாளைக்கு பாத்துட்டு சொல்லுங்க.

புதுப்பெட்டி:

பாத்துட்டு வந்துட்டேன், கை இன்னும் நடுங்குது ஆனா மனசு லேசாயிடுச்சு. பத்து மணிக்கு தொறந்தேன், பத்து ஃப்ரேமயும் உலுக்கி பாத்தேன். ராணி இருக்கா, ஆறாவது ஃப்ரேம்ல. நிமிந்த முட்டையும் இருக்கு. மொத்தம் நாலு கிண்ணம், ரெண்டு காலி, ரெண்டுல ஒவ்வொரு முட்டை, பால் எதுலயும் இல்ல.

ஆனா அண்ணா சொன்னது அப்படியே நடந்திருக்கு. ரெண்டு ஓரமும் முழுக்க தேன். உள்ள இருக்கற ஃப்ரேமுங்கள்ல மேல பாதி வில்லு மாதிரி வளைஞ்சு தேன் இறங்கி வந்திருக்கு. நாலாவது ஃப்ரேம வெயிலுக்கு நேரா சாய்ச்சு பிடிச்சேன், நடுவுல புழு பொரிஞ்சு காலியான இடம் ஒரு உள்ளங்கை அகலம், முட்டை இருக்கும்னு பாத்தா ஒவ்வொரு அறை அடியிலயும் கண்ணாடி துளி மாதிரி மின்னுது, எல்லாம் புது தேன். ஓரத்துல ஒரே ஒரு அறையில மட்டும் தேனுக்கு பக்கத்துல முட்டை. அவ சுத்தி சுத்தி இடம் தேடறது அப்படியே தெரிஞ்சுது.

மத்த ரெண்டு பெட்டிக்குன்னு எடுத்து வெச்சிருந்த கட்டின அடை நாலு இருக்கு. அதை இதுக்கு போட்டுடலாமா? எங்க போடறது?

அடைகாரன்:

அந்த நாலும் இப்போ தங்கம் தம்பி, தாராளமா போடுங்க, மத்த ரெண்டு பெட்டி சுமாரா போகுதுன்னா அதுங்களுக்கு இப்போ இடம் அவசரமில்ல.

புழு அறையில ஓரத்துல தேன் நெறஞ்ச ரெண்டு ஃப்ரேமயும் எடுத்து, ராணி மேல இல்லன்னு ரெண்டு தடவை பாத்துட்டு, தடுப்புக்கு மேல புது அறைக்கு நடுவுல கொண்டு போங்க, மெழுகுவாசம் சொன்ன ஏணி அதுவே ஆயிடும். அந்த இடத்துக்கு கட்டின அடை ரெண்டு, ஆனா ஓரத்துல இல்ல, புழு ஃப்ரேமுங்கள வெளிப்பக்கம் தள்ளிட்டு புழு வட்டத்துக்கு ரெண்டு பக்கமும் ஒட்டினாப்ல போடுங்க. கூட்டம் பலமா இருக்கறதால ஒண்ண நடுவுல கூட போடலாம், பலம் குறைஞ்ச பெட்டின்னா புழுவ ரெண்டா பிரிச்சு குளிர வெச்சிட கூடாதுன்னு நான் வேண்டாம்னு சொல்லுவேன். மிச்ச ரெண்டு அடை புது தேன் அறைக்கு, அந்த ஏணி ஃப்ரேமுங்களுக்கு ரெண்டு பக்கமும். மீதி ஆறும் தாள். முட்டை இருக்கற ரெண்டு கிண்ணத்தையும் எடுத்துடுங்க, ஆனா ஆறு ஏழு நாள்ல திரும்ப முழுசா பாக்கணும், அதை தள்ளி போட கூடாது.

இன்னொண்ணும் யோசிச்சு வெச்சுக்கோங்க. இன்னிக்கு வெக்கற முட்டை தேனீயா வெளிய வர 21 நாள், அது வயல்ல இறங்கி பூவுக்கு போக இன்னும் மூணு வாரம். உங்க வரத்து அதுக்குள்ள முடிஞ்சிடும்னா அந்த முட்டை இந்த தேனுக்கு கை குடுக்காது. அப்படின்னாலும் ராணிக்கு இடம் குடுக்கறது எதுக்குன்னா, இருக்கற படைய கூட்டா வெச்சிருக்கத்தான். பாதி படை மரத்துல ஏறிட்டா மேல எத்தனை தேன் அறை வெச்சு என்ன?

மெழுகுவாசம்:

தாள் கட்டறதுக்கும் இதை விட நல்ல நேரம் வராது. வரத்து இருக்கறப்போதான் மெழுகு சுரக்கும், நின்னுட்டா தாள கடிச்சு ஓட்டை போடுமே தவிர கட்டாது. ஆனா ஒண்ணு, கட்டறதுக்கே தேன் செலவாகும், ஒரு கிலோ மெழுகுக்கு ஆறு ஏழு கிலோ தேன் கணக்கு சொல்லுவாங்க. அதான் கட்டின அடைய பத்திரமா வெச்சிருக்கறவன் வரத்துல ஜெயிக்கறது. பழைய தேன் அறையில மூடி போட்ட அந்த ரெண்டு ஃப்ரேமும் முக்கால் பாகத்துக்கு மேல மூடினதும் பிழிஞ்சு அன்னிக்கு சாயங்காலமே ஈரத்தோட திருப்பி குடுத்துடுங்க, உங்களுக்கு உடனடியா ரெண்டு காலி அடை. படுக்க வெச்சு ஒரு உதறு உதறுங்க, சொட்டினா இன்னும் விளையல, அதை பிழிஞ்சா புளிச்சிடும்.

புதுப்பெட்டி:

ஏழாவது நாள் இன்னிக்கு. எல்லாரும் சொன்ன மாதிரியே பண்ணினேன், இப்போதான் பாத்துட்டு வரேன்.

புழு வட்டத்துக்கு பக்கத்துல போட்ட ரெண்டு அடையும் ரெண்டு பக்கமும் முட்டையும் சின்ன புழுவுமா நெறஞ்சிருக்கு, ஓரத்துல ரெண்டு விரல் அகலத்துக்குத்தான் தேன். கிண்ணம் மூணு இருந்துச்சு, மூணும் காலி, உள்ள விரல் வெச்சு பாத்தேன், உலந்து கிடக்கு. தாள்ல நாலு முழுசா கட்டியாச்சு, புது அடை அவ்ளோ வெள்ளையா இருக்கு, வெயிலுக்கு காட்டினா வெளிச்சம் ஊடுருவுது. ஓரத்து ரெண்டு தாள் இன்னும் தொடல. சாயங்காலம் தாடி தொங்கறது இன்னும் இருக்கு ஆனா பாதிதான்.

இப்போ ஒரு சந்தேகம். மூணாவது தேன் அறை ஒண்ணு ஏற்பாடு பண்ணிட்டேன். இப்பவே வெச்சிடவா?

தேன்துளி:

படிக்கறப்போ எனக்கே சந்தோஷமா இருக்கு. மூணாவத இன்னிக்கு வேண்டாம். ரெண்டாவது அறையில 7, 8 ஃப்ரேம் மேல தேனீ அடர்த்தியா நிக்கறப்போ வைங்க, உங்க வேகத்துக்கு மூணு நாலு நாள் ஆகலாம். தேனீ காவல் இல்லாத காலி அடைய மேல அடுக்கி வெச்சா மெழுகு பூச்சி முட்டை வெச்சிடும், அடைக்குள்ள வலை பின்னிடும். ஓரத்து ரெண்டு தாளையும் இப்போ கட்டின ஃப்ரேமுக்கு பக்கமா உள்ள நகத்துங்க, ஏற்கனவே கட்டினத ஓரத்துக்கு தள்ளுங்க, அதுவே மூணு நாள் இடம்.

தினமும் பெட்டியோட பின் பக்கத்தை ஒரு கையால லேசா தூக்கி பாருங்க, முடிஞ்சா ஒரு தொங்கு தராசு மாட்டி ஒரே நேரத்துல எழுதி வைங்க, ராத்திரில பாத்தீங்கன்னா எல்லாம் வீட்டுல இருக்கும், கணக்கு சரியா வரும். நல்ல வரத்துல பலமான பெட்டி நாளைக்கு ரெண்டு மூணு கிலோ ஏறும். அந்த ஏத்தம் குறைய ஆரம்பிச்சா அதுக்கு மேல புது அறை குடுக்காதீங்க, இருக்கறதுலயே நெருக்கினாத்தான் பாதி பாதியா கிடக்கறத ஒண்ணு சேத்து மூடி போடும். அப்போ பிழியறப்போ கீழ் அறையில இருக்கற தேன்ல கை வெக்காதீங்க, அது அதுங்களோடது.

புதுப்பெட்டி:

சரி அக்கா, தாள இப்பவே நகத்திட்டேன், தராசுக்கும் இடம் பண்ணிட்டேன். நேத்து ராத்திரி எட்டு மணிக்கு பின் பக்கம் மட்டும் தூக்கினப்போ 31 கிலோ காட்டுச்சு, இன்னிக்கு அதே நேரம் பாத்துட்டு எழுதறேன்.